பழைய எச்எம்டி ஜனதா வாட்ச்சில் கைமெருகு பழகுவது எப்படி? உப்புக் காற்று அடிக்கும் ஊரிலிருந்து

கீழக்கரையில் எங்கள் கடைக்கு வரும் சாவி கொடுக்கிற வாட்ச்சுகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது துருதான். ஸ்பிரிங் அறுந்ததும் பல் தேய்ந்ததும் அதற்கு அப்புறம். திருகுத் தலையின் வெட்டுக்குள், ஸ்டெம் என்ற சாவித் தண்டின் கழுத்தில், சாவி கொடுத்த விசை திரும்பி ஓடாமல் பிடிக்கும் கிளிக்கின் ஸ்பிரிங் ஓரத்தில் செம்மண் தூவியது போல இருக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் போனால் இன்னும் மோசம், அங்கே வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை விடாமல் தின்றதும் இதே காற்றுதான். காரைக்குடி சிக்ரி ஆய்வு நிலையம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் இடம் வைத்திருப்பதும் இதனால்தான்.

நான் இங்கே சொல்லப் போவது சாதாரண சர்வீஸ் வேலையை அல்ல. வெளிநாட்டில் தனியாகப் பட்டறை வைத்து, வருடத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வாட்ச் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுக்கும் கைமெருகைப் பற்றி. சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் துஃபூர் 'சிம்ப்ளிசிட்டி' என்று ஒரு வாட்ச் செய்தார், மணி, நிமிடம், சின்ன விநாடி முள், அவ்வளவுதான் அதில். மொத்தமே சுமார் 200. உள்ளே இருக்கும் கைவேலைக்காகத்தான் அதற்கு அவ்வளவு விலை. இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) கேஸ், டயல், முள், திருகு என்று அத்தனையையும் தன் கையாலேயே செய்தவர். அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை (சக்கரங்களை அடி அடியாக விட்டு ஓட வைக்கும் அமைப்பு) 1999இல் ஒமேகா தன் வாட்ச்சுகளில் போடத் தொடங்கியது. ரோஜர் ஸ்மித் என்ற இளைஞர் தான் செய்த முதல் பாக்கெட் வாட்ச்சை அவரிடம் கொண்டு போய்க் காட்டியபோது, கையால் செய்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது, மறுபடி செய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்மித் அப்புறம் ஐந்து வருடம் உட்கார்ந்து இரண்டாவதைச் செய்து முடித்தார். கை நடுங்கிய தடமோ அரம் வழுக்கிய தடமோ எதுவும் தெரியக் கூடாது, அதுதான் இந்த வேலையின் அளவுகோல்.

இந்த மெருகைப் பணக்காரர்களின் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அரம் போட்ட இரும்பை ஐ கிளாஸில், அதாவது கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வயலில் உழுத சால் போலக் கோடு கோடாக இருக்கும். அந்தச் சாலில்தான் உப்பு போய் உட்காரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பே தானாகத் தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், கடல் உப்பு அதற்கும் முன்னாலேயே இழுக்கும். பிறகென்ன, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உப்புத் தண்ணீர் இரவும் பகலும் அந்தப் பள்ளத்தில் கிடக்கும். ஒரு வருடம் வாடை தொடங்கியபோது ஒரே வாட்ச்சின் இரண்டு திருகுகளைக் கடை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், ஒன்று அரம் மட்டும் போட்டது, இன்னொன்று முழுதாக மெருகேற்றியது. மார்கழியில் எடுத்தபோது முதலாவதன் தலை முழுக்கச் சிவப்பு. இரண்டாவதில் வெட்டின் ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு புள்ளி, அதுவும் அந்த ஓரத்தை நான் சரியாக மழிக்காமல் விட்ட இடம். அன்றிலிருந்து எனக்கு இது கடற்கரைக்காரன் கட்டாயம் கற்க வேண்டிய வேலை.

பழக எந்த வாட்ச்? எச்எம்டி ஜனதாவை வாங்குங்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதாவில் இருக்கும் மெஷின் 17 கல் (தேய்மானம் குறைய வைப்பது), கைச்சாவி, மணிக்கு 18,000 டிக் அடி. உறுதியான மெஷின், பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும், ஒன்று உடைந்தால் இன்னொரு செத்த வாட்ச்சிலிருந்து எடுத்துப் போடலாம். டயலைப் புதிதாகப் பெயின்ட் அடித்து 'ஒரிஜினல்' என்று விற்பார்கள். பழகுவதற்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம், மெஷின் ஓடினால் போதும், விலையை மட்டும் அடித்துப் பேசுங்கள். வாப்பாவின் வாட்ச், தாத்தாவின் கல்யாண வாட்ச் இதிலெல்லாம் முதல் ஆறு மாதம் கை வைக்கவே கூடாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 10 மடங்கு ஐ கிளாஸ், நல்ல சாமணம் இரண்டு, 0.8, 1.2, 1.6 மில்லிமீட்டர் ஸ்குரூ டிரைவர்கள், ஒரு எண்ணெய்க்கல். ஸ்குரூ டிரைவரை வாங்கியபடியே பயன்படுத்துகிறவர்கள்தான் திருகுத் தலையைக் கடித்து வைக்கிறார்கள். நுனி திருகின் வெட்டுக்குள் முழுதாக, ஆட்டமில்லாமல் உட்காரும்வரை கல்லில் தேய்க்க வேண்டும், கத்தி போலக் கூர்மையாகவும் கூடாது. சாமணத்தின் நுனியைத் துடைக்கவும் சின்ன அச்சு முனைகளில் ஒட்டிய எண்ணெயை எடுக்கவும் மேல்நாட்டில் எல்டர் என்ற செடியின் சோற்றை வைத்திருப்பார்கள். நம்மிடம் நெட்டி இருக்கிறது, மாலை கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் அதே நெட்டி. ஒரு துண்டு வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

பிரிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முதல் வேலை மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவியை விரலில் பிடித்துக்கொண்டு கிளிக்கைக் குச்சியால் தள்ளி, சாவி உங்கள் விரலுக்குள் மெதுவாகப் பின்னால் சுற்றும்படி விட வேண்டும். விசை இருக்கும்போதே பாலட்டை, அதாவது சக்கரத்தைப் பல் பல்லாகத் தடுத்து விடும் கவையை எடுத்தால் சக்கரங்கள் அத்தனையும் காற்றாடி மாதிரிச் சுற்றும், தலைமுடியைவிட கொஞ்சமே தடித்த அச்சு முனை ஒடிந்து போகும். விசையை இறக்கிய பிறகு பேலன்ஸ் (இங்கும் அங்கும் ஆடும் சக்கரம்), பாலட், சக்கரங்களின் மேல் தட்டு, பேரல் (மெயின் ஸ்பிரிங் இருக்கும் டப்பா) என்று வரிசையாக எடுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு படம். பல மெஷின்களில் சாவியின் சுற்றைக் கடத்தும் கிரவுன் வீலின் திருகு இடம்புரி மரை, நாம் வழக்கமாகத் திருப்பும் பக்கம் திருப்பினால் இன்னும் இறுகித் தலை முறிந்துவிடும். சங்கு பார்த்து வளர்ந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. திருகு அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் லேசாகத் திருப்பிப் பாருங்கள்.

கழுவுவதில் பெரிய தப்பு ஒன்று நடக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது, நல்ல சரக்குதான், சக்கரம், தட்டு, திருகு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் பாலட்டின் இரண்டு கல்லும், பேலன்ஸுக்கு அடியில் இருக்கும் குட்டிக் கல்லும் அரக்கு வைத்து ஒட்டியவை. ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஊறப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் கல் கழன்று அடியில் கிடக்கும். இந்த இரண்டு பாகத்தையும் வெள்ளைப் பெட்ரோலில் மட்டும் கழுவுங்கள். பெட்ரோல் பாட்டிலை மூடி அடுத்த அறையில் வைத்த பிறகுதான் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைக்க வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம்.

கழுவுவது என்றதும் ஞாபகம் வருகிறது. பெரியபட்டினத்துச் சங்கு குளிக்கிற பெரியவர் ஒருவர் பழைய சீக்கோவைக் கொண்டு வந்தார், உள்ளே கடல் தண்ணீர்.

"தம்பி, நேத்து ராத்திரியே பாத்துட்டேன். காலையில நல்லா வெயில்ல வச்சு எடுத்தேன். அப்பவும் ஓடல."

"காக்கா, வெயில்ல வச்சதுதான் தப்பாப் போச்சு. தண்ணி போயிடும், உப்பு உள்ளயே நின்னுடும்ல."

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கடல் தண்ணீர் உள்ளே போனால் அரிசி டப்பாவும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சாவியை இழுத்து ஓட்டத்தை நிறுத்தி, அன்றே பின்மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினை வெளியே எடுத்து, முதலில் நல்ல தண்ணீரில், பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீராக இருந்தால் உத்தமம், அலசி உப்பைக் கரைக்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே பல இடத்தில் உப்புதான், அதை எடுக்காதீர்கள். அப்புறம் ஆல்கஹாலில் ஒரே ஒரு முக்கு, அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும், அந்தக் கொஞ்ச நேரத்தில் அரக்குக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஹேர் டிரையரில் இளஞ்சூடு. ஒரே நாளில் இதைச் செய்தால் வாட்ச் பிழைக்கும். மூன்று நாள் போனால் பேலன்ஸை ஆட்டும் மயிரிழைச் சுருளான ஹேர்ஸ்பிரிங் போய்விடும்.

சரி, இனி திருகு. கைமெருகை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் எப்போதும் திருகைத்தான் சொல்வேன். சின்னது, மலிவு, கெட்டால் இன்னொன்று இருக்கிறது, கற்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

திருகுத் தலை தட்டையாக வர வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் எத்தனை வருடம் பழகியவருக்கும் தலை உருண்டுதான் வரும். அதற்கு மூன்று கால் கருவி வேண்டும். ஒரு பித்தளை வில்லை, அதில் ஏற்றி இறக்கக்கூடிய இரண்டு எஃகுக் கால்கள், மூன்றாவது காலின் இடத்தில் உங்கள் திருகைத் தலைகீழாகப் பிடிக்கும் பிடி. மேசை மேல் முக்காலி நிற்பது போல அது தகட்டின் மேல் நிற்கும். இரண்டு காலையும் திருகித் திருகித் தலை சரியாகப் படியும்படி செய்துவிட்டால், அதற்கு மேல் உங்கள் கை சாய்ந்தாலும் தலை சாயாது. லேத் பட்டறையில் படம் போட்டுக் காட்டினால் கடைந்து கொடுப்பார்கள், என்னுடையது ராமநாதபுரத்தில் பழைய பித்தளைக் கம்பியில் கடைந்தது.

முதலில் வெட்டு. வெட்டின் இரண்டு ஓரத்திலும், தலையின் வெளி விளிம்பிலும் பிசிர் இருக்கும், அதை மெல்லிய கல்லால் மயிரிழை அளவுக்குச் சாய்வாக மழித்துவிடுங்கள். என் ஜன்னல் திருகில் புள்ளி விழுந்தது இந்த ஓரத்தில்தான். அப்புறம் தட்டையான கண்ணாடி மேல் 12 மைக்ரான் ஃபிலிமை (மெல்லிய உரசுதாள்) ஒட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கருவியை வட்டமாக நகர்த்துங்கள். அரத்தின் கோடுகள் போனதும் 3 மைக்ரான் ஃபிலிம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் திருகையும் கருவியின் காலையும் துடைத்தெடுக்க வேண்டும், முந்தின கட்டத்தின் ஒரே ஒரு மணல் கூட வந்தாலும் எல்லாம் வீண். கச்சான் அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் தெருவெல்லாம் மணல் பறக்கும், அப்போது நான் கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன். வியர்க்கும்தான். நெற்றியில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள், வியர்வையும் உப்புதானே.

கடைசிக் கட்டம் துத்தநாகத் தகடு, அதில் டயமண்டீன் என்ற வெள்ளைப் பொடி. பெயரில்தான் வைரம், பொருள் அலுமினியம் ஆக்சைடு. கடுகளவு பொடியில் ஊசி நுனி எண்ணெய் விட்டுக் கெட்டியான களிம்பாகக் குழைத்து, தகட்டில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவுங்கள். அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் களிம்பு சாம்பல் நிறமாகி, கறுத்து, வற்றத் தொடங்கும். அந்த நேரத்தில் கருவி தகட்டை லேசாகக் கவ்வுவது விரலுக்குத் தெரியும். மெருகு வருவது அந்த ஏழெட்டுச் சுற்றில்தான், அதற்கு முன்னால் நிறுத்தியவர்கள் எல்லோரும் மங்கலாகத்தான் வருகிறது என்று சொல்வார்கள். வந்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. விளக்குக்கு நேராக ஒரு கோணத்தில் தலை வெள்ளையாகப் பளீரென்று அடிக்க வேண்டும், கொஞ்சம் சாய்த்தால் முழுசும் கரியாகக் கறுக்க வேண்டும். நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் இன்னும் கோடு மிச்சம் இருக்கிறது, 3 மைக்ரானுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இப்போது திருகுத் தலைக்கு நீலம் ஏற்றுவது. இதற்குச் சாயம் எதுவும் கிடையாது. எஃகைச் சூடாக்கினால் மேலே ஒரு ஆக்சைடு படலம் வளரும், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதில் ஒளி பட்டுத் திரும்பும்போது தெரியும் நிறம்தான் இது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். அரிவாளுக்குத் துவைச்சல் கொடுக்கும் கொல்லர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி. நிக்கல் பூசிய திருகு சரியாக நீலமாகாது, பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஆகும்.

ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் பித்தளை அரம்பொடியைப் பரப்பிக்கொள்ளுங்கள், சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற அதுதான் உதவும். திருகை ஆல்கஹாலில் கழுவிய பிறகு விரல் படவே கூடாது, விரல் பட்ட இடம் அப்படியே கைரேகையாக நிறத்தில் பதியும். சாமணத்தால் எடுத்து, தண்டு பொடிக்குள் புதைந்து தலை மட்டும் வெளியே தெரியும்படி நட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கு. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள், டியூப் லைட்டில் நிறம் ஏமாற்றும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு ஏறக்குறைய 230 டிகிரியில் வைக்கோல் நிறம் வரும். அது கருப்பட்டி நிறமாகும். 280இல் கத்தரிக்காய் ஊதா. இதுவரை மெதுவாக வந்தது இனிமேல் ஓடும், கண்ணை எடுக்காதீர்கள். ஊதாவின் ஓரத்திலிருந்து நீலம் கசிந்து உள்ளே வரும், 300 டிகிரியை ஒட்டித் தலை முழுக்கச் சங்குப்பூ நிறமாகும். அந்த நொடிக்கு ஒரு மூச்சு முன்னாலேயே, ஓரத்தில் இன்னும் ஊதாவின் சாயல் இருக்கும்போதே, எடுத்துக் குளிர்ந்த பித்தளைத் துண்டின் மேல் வைத்துவிட வேண்டும், உள்ளிருக்கும் சூடே மிச்சத்தை முடித்துக்கொள்ளும். ஒரு மூச்சு தாமதித்தால் வெளுத்த கைலி நிறத்துக்குப் போய்விடும், அப்புறம் திரும்ப வராது, மறுபடி துத்தநாகத் தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். பாதி நீலம் பாதி ஊதாவாக வந்தால் தலை சரியாக மெருகேறவில்லை அல்லது எண்ணெய் மிச்சம் இருந்தது என்று அர்த்தம். ஒரே வாட்ச்சின் திருகுகள் எல்லாம் ஒரே நீலமாக வருவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்த நீலம் துருவைக் கொஞ்சம்தான் தடுக்கும், உண்மையில் காப்பது அதற்கு அடியில் இருக்கும் மெருகுதான்.

பாகங்களின் விளிம்பை 45 டிகிரிச் சாய்வாகச் செதுக்கி மெருகேற்றுவது அடுத்த படி. துஃபூரின் பெயரைச் சொன்னால் கைவேலை தெரிந்தவர்கள் முதலில் பேசுவது இதைத்தான், அதிலும் உள்நோக்கி மடங்கும் கூர் மூலைகளை எந்த மெஷினும் வெட்டித் தராது, கை மட்டும்தான். அவர்கள் ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டில் வைரக் களிம்பு தடவித் தேய்ப்பார்கள், நான் நெட்டியில் செய்கிறேன், சீக்கிரம் நசுங்கும், அடிக்கடி சீவிக்கொள்ள வேண்டும். ஜனதாவின் மேல் தட்டில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அது நிக்கல் பூசிய பித்தளை, பூச்சை உடைத்தால் வெளியே தெரியும் பித்தளை நம் காற்றில் கறுக்கும், பச்சை பூக்கும். கிளிக் போன்ற எஃகுப் பாகத்தில் பழகுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எண்ணெய். ஒரு நகரத்துக் கடையில் சர்வீஸ் ஆகி வந்த வாட்ச்சை நான் திறந்தபோது கல்லெல்லாம் எண்ணெயில் மிதந்தது, ஹேர்ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் ஒரு மணி நேரத்துக்குப் பல நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் கூடினால் பரவும், பரவினால் தூசியையும் உப்பையும் பிடிக்கும். கல்லின் நடுவில் இருக்கும் குழியில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வேகமாக ஆடும் பேலன்ஸ் அச்சுக்கு மெல்லிய மோபியஸ் கம்பெனி எண்ணெய் 9010, பாலட்டின் கல் முகத்துக்கு 9415, மெதுவாகச் சுற்றும் சக்கரங்களுக்குக் கெட்டி எண்ணெய். பாலட்டின் அச்சுக்கு எதுவும் வேண்டாம், காய்ந்தே இருக்கட்டும்.

ஓட விட்டதும் மொபைலில் வாட்ச் அடியைக் கேட்டு அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இந்த மெஷின் ஒரு நாளில் 4,32,000 முறை அடிக்க வேண்டும். நாளைக்குப் பத்து விநாடி தப்பினால் அது பத்தாயிரத்தில் ஒன்றை ஒட்டிய பிசகு, அறுபது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்புக்கு அது நல்ல கணக்கு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மயிரிழை தள்ளி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், ஒரே உட்காரலில் பத்து முறை தள்ளாதீர்கள்.

கேஸை மூட மழை நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உள்ளே அடைபடும் காற்றும் ஈரமாகத்தான் இருக்கும். மெஷினை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு இரவு வைத்து, மறுநாள் உச்சி வெயில் நேரத்தில் மூடுங்கள். ஜனதா தண்ணீர் புகாத வாட்ச் அல்ல. பின்மூடி உட்காரும் விளிம்பில் சிலிக்கான் கிரீஸை விரல் நுனியால் ஒரு சுற்று இழுத்துவிட்டால் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். வாடை முடிந்து தை பிறந்ததும் ஒரு முறை திறந்து, திருகுகளின் வெட்டு ஓரத்தை மட்டும் ஐ கிளாஸில் பாருங்கள். செம்புள்ளி விழுந்திருந்தால் அந்த ஒரு திருகை மட்டும் கழற்றிக் கல்லில் வைக்க வேண்டும், மற்றதைத் தொட வேண்டாம்.